முழங்காலுக்கு நாலு எண்

சாதாரண முழங்கால் எக்ஸ்ரேவுக்கு சிபிடி புத்தகத்தில் இருப்பது நாலே நாலு எண்கள். ஒன்றோ இரண்டோ வியூ எடுத்திருந்தால் 73560. மூன்று என்றால் 73562. நாலும் அதற்கு மேலும் 73564. நோயாளியை நிற்கவைத்து இரண்டு முழங்காலையும் சேர்த்து நேராக எடுத்தால் 73565. முடிந்தது கதை. ரேடியாலஜி டீமுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் இதை முதலிலேயே கொடுத்துவிடுவோம். "ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணத் தெரியுமில்ல? அது போதும்." அப்புறம் ஆடிட் ஷீட் வரும். பார்த்தால் எங்கே பார்த்தாலும் முழங்கால்.

எண்ணத் தெரியாமல் யாரும் தப்பு செய்வதில்லை. எதை எண்ணுவது என்று தெரியாமல்தான் செய்கிறார்கள். எக்ஸ்ரே அறையில் என்ன நடந்திருக்கும் என்று ஊகித்து எண்ணுகிறவர்களும் உண்டு, ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து எண்ணுகிறவர்களும் உண்டு. இந்தத் தொழிலில் இரண்டாவது வகைக்குத்தான் இடம்.

இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. அமெரிக்காவில் ஒருவருக்கு எக்ஸ்ரே எடுத்தால், அதற்கான பணத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் கேட்க "முழங்கால் எக்ஸ்ரே எடுத்தோம்" என்று எழுதினால் போதாது. என்ன செய்தார்கள் என்பதற்கு ஒரு ஐந்திலக்க எண், ஏன் செய்தார்கள் என்பதற்கு ஒரு நோய்க் குறியீடு, இரண்டும் வேண்டும். முதலாவது சிபிடி. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சொத்து. 1966-இல் முதல் பதிப்பு வந்தது. இரண்டாவது ஐசிடி-10-சிஎம், 2015 அக்டோபர் 1 முதல் அங்கே புழக்கத்தில் இருக்கிறது. டாக்டர் எழுதிய ரிப்போர்ட்டைப் படித்து இந்த இரண்டையும் போடுகிறவர்தான் மெடிக்கல் கோடர். அந்த வேலையில் ஒரு பெரும்பகுதி சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் நடக்கிறது. பிசியோதெரபி, நர்சிங், பார்மசி, பயோடெக் படித்த பிள்ளைகள் நிறையப் பேர் இதில் இருக்கிறார்கள்.

சரி, வியூ என்றால் என்ன? கதிர் எந்தத் திசையிலிருந்து முழங்காலுக்குள் போகிறது, முழங்கால் எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் வியூ. முன்னிருந்து பின்னாகப் போனால் ஏபி. பக்கவாட்டில் என்றால் லேட்டரல். காலைக் கொஞ்சம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திருப்பி எடுத்தால் ஆப்ளிக். இரண்டு பக்கமும் திருப்பி எடுத்தால் அது இரண்டு வியூ. முழங்காலை மடக்கி, சில்லு எலும்பு தொடை எலும்பின் மேல் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க எடுப்பது சன்ரைஸ். அதே இடத்தைப் பார்க்க 1974-இல் மெர்ச்சன்ட் என்ற டாக்டர் எழுதிய முறை அவர் பெயராலேயே மெர்ச்சன்ட் வியூ ஆனது. மூட்டுக்குள் இருக்கும் பள்ளத்தைப் பார்க்க எடுப்பது டனல். 1988-இல் ரோசன்பர்க் சொன்ன முறையில், நின்றபடி முழங்காலை 45 டிகிரி மடக்கி, பின்னிருந்து முன்னாக எடுப்பது ரோசன்பர்க் வியூ. நேராக நின்று எடுத்த படத்தில் தெரியாத தேய்மானம் இதில் தெரியும் என்பதால் எலும்பு டாக்டர்களுக்கு இது பிடிக்கும். ரிப்போர்ட்டில் இந்தப் பெயர்களில் எதைக் கண்டாலும் ஒரு வியூ என்று எண்ணிக்கொள்ள வேண்டும். இதில் சிக்கலில்லை.

சிக்கல் வருவது படத்தையும் வியூவையும் குழப்பும்போது. லேட்டரல் எடுக்கும்போது நோயாளி அசைந்துவிட்டார், படம் மங்கிவிட்டது, திரும்ப எடுத்தார்கள். கம்ப்யூட்டரில் மூன்று படம் இருக்கும். ஆனால் வியூ இரண்டுதான்: ஏபி ஒன்று, லேட்டரல் ஒன்று. தரம் சரியில்லாமல் திரும்ப எடுத்ததற்குக் காசு கிடையாது என்று அமெரிக்க அரசின் இன்ஷூரன்ஸான மெடிகேரின் என்சிசிஐ கோடிங் கையேடே சொல்கிறது. ஆகவே 73560. "மூணு படம் இருக்கே" என்று 73562 போட்டால் அது தப்பு.

இதன் மறுபக்கம் இன்னும் வேடிக்கை. தென்மாவட்டத்திலிருந்து வந்த ஒரு பெண், பிசியோதெரபி முடித்தவள், நல்ல கெட்டிக்காரி. நின்றபடி இரண்டு முழங்காலையும் சேர்த்து எடுத்த ஏபி, கூட வலது முழங்காலுக்கு மட்டும் லேட்டரலும் சன்ரைஸும். இப்படி ஒரு ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, நின்னு எடுத்தது ஒரே படம்தானே? அதை எந்தக் காலுக்குக் கணக்கு வைக்கிறது?"

"ரெண்டுக்கும்."

"ஒரு படத்தை ரெண்டு தடவை எண்ணலாமா?"

அவள் கேட்டது நியாயமான கேள்வி. குரூப் போட்டோவில் இரண்டு பேர் நின்றால் படம் ஒன்று, ஆனால் இரண்டு பேரும் படம் எடுத்துக்கொண்டவர்கள்தானே? அப்படித்தான். அந்த ஏபி வலது முழங்காலுக்கு ஒரு வியூ, இடது முழங்காலுக்கு ஒரு வியூ. வலதுக்கு அதோடு லேட்டரல், சன்ரைஸ் சேர்ந்து மொத்தம் மூன்று: 73562, கூடவே வலது என்று காட்டும் ஒட்டான ஆர்டி மாடிஃபையர். இடதுக்கு ஒன்றே ஒன்று: 73560, இடதைக் காட்டும் எல்டி. முழங்கால் முழங்காலாக எண்ண வேண்டும். இதை ஒருமுறை பிடித்துக்கொண்டால் முக்கால்வாசி ரிப்போர்ட் தானாக அவிழ்ந்துவிடும்.

"அப்போ 73565 எதுக்கு அக்கா?"

நின்ற படம் மட்டுமே எடுத்து அனுப்பிவிட்டால், அதற்கு. அந்த எண்ணின் பெயரிலேயே இரண்டு முழங்காலும் அடங்கிவிட்டதால் அதற்கு, இரண்டு பக்கமும் என்று காட்டும் 50 மாடிஃபையரும் போடக் கூடாது. அதே நாளில் அதே முழங்காலுக்கு வேறு வியூவும் எடுத்திருக்கும்போது 73565-ஐயும் 73560 அல்லது 73562-ஐயும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால், சேர்த்துப் போடக் கூடாத எண்களைப் பிடிக்கும் என்சிசிஐ எடிட் குறுக்கே வந்து நிற்கும். சிலர் அதற்கு 59 மாடிஃபையரைப் போட்டுத் தள்ளிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 59 என்பது "இது வேறு, அது வேறு" என்று நாம் கையெழுத்துப் போட்டுச் சொல்வது. ஒரே நேரத்தில், ஒரே அறையில், ஒரே மூட்டுக்கு எடுத்ததை வேறு வேறு என்று எப்படிச் சொல்வது? எடிட்டைத் திறக்கிற சாவி என்று அதை நினைக்கிறவர்கள் அதிகம். ஆடிட்டர் வந்து கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் அந்த சார்ட்டின் கீழே ஐடி இருக்கிறவர்தான். சில கிளையண்டுகள் இந்த விஷயத்தில் தங்களுக்கென்று எழுத்தில் வழிமுறை கொடுத்திருப்பார்கள். இருந்தால் அதன்படி போங்கள், அதை சார்ட் நோட்டிலும் குறித்து வையுங்கள்.

அடுத்தது, கூட்டுவதா தனியாக வைப்பதா என்ற கேள்வி. ஏபியும் லேட்டரலும் எடுத்தார்கள். ரேடியாலஜிஸ்ட் பார்த்துவிட்டு, ஏதோ கோடு மாதிரி தெரிகிறதே, இரண்டு ஆப்ளிக்கும் எடுங்கள் என்கிறார். நோயாளி இன்னும் மேசையை விட்டு இறங்கவில்லை. இது மொத்தமாக நாலு வியூ: 73564 ஒன்று. இரண்டு 73560 இல்லை. ஆனால் காலையில் எமர்ஜென்சியில் இரண்டு வியூ எடுத்தார்கள், மாலையில் திரும்ப விழுந்துவிட்டார், மறுபடி இரண்டு வியூ எடுத்தார்கள் என்று வையுங்கள். இது இரண்டு தனித்தனி பரிசோதனை. இரண்டு 73560, இரண்டாவதற்கு, படித்தவர் அதே டாக்டர் என்றால் 76 மாடிஃபையர், வேறு டாக்டர் என்றால் 77. இரண்டையும் கூட்டி 73564 ஆக்கினால் தப்பு. இதைத் தீர்மானிக்க ரிப்போர்ட்டில் இருக்கும் நேரத்தைப் பார்க்க வேண்டும். நேரத்தைப் பார்க்காமலே கோட் போடுகிற பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. புரொடக்ஷன் டார்கெட் அப்படிப் பழக்கிவிடுகிறது.

இனி எனக்கு மிகப் பிடித்த பகுதி. ரிப்போர்ட்டுக்கு ஒரு தலைப்பு இருக்கும்: வலது முழங்கால், 3 வியூ. கீழே டெக்னிக் என்ற இடத்தில் "ஏபி, லேட்டரல்" என்று மட்டும் இருக்கும். எதை நம்புவது? தலைப்பு பெரும்பாலும் டாக்டர் ஆர்டர் போட்டபோதே கம்ப்யூட்டர் இழுத்து வைத்தது. ஆர்டர் என்பது ஆசை. டெக்னிக்கில் இருப்பதுதான் நடந்ததற்கான சாட்சி. அதனால் உடலை நம்பு, தலைப்பை நம்பாதே என்பது எங்கள் டீமில் பழக்கம். உடலில் வியூ எண்ணிக்கையே இல்லை, பெயரும் இல்லை என்றால் கேள்வி அனுப்ப வழியிருந்தால் அனுப்ப வேண்டும். வழியில்லை என்றால் மிகக் குறைந்ததான 73560. "கம்ப்ளீட்" என்று ஒற்றை வார்த்தை எழுதியிருந்தாலும் அது நாலு வியூ ஆகிவிடாது.

இங்கேதான் படித்த பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். அனாடமி தெரியாதவர் எழுதியிருப்பதை மட்டும் பார்ப்பார். தெரிந்தவர் எழுதாததையும் படிப்பார். நான் சொன்ன அந்தப் பெண்ணே ஒரு ரிப்போர்ட்டில் இரண்டு வியூ எழுதியிருக்க, மூன்று போட்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"சில்லுக்கும் தொடை எலும்புக்கும் நடுவுல இடைவெளி குறைஞ்சிருக்குன்னு எழுதியிருக்கார் அக்கா. சன்ரைஸ் எடுக்காம அது எப்படித் தெரியும்?"

லேட்டரலிலும் தெரியும். அந்த மூட்டைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலே சில்லுக்குப் பின்னால் இருக்கும் இடம் கண்ணில் படும். சன்ரைஸ் போலத் துல்லியமாக இல்லாவிட்டாலும் டாக்டர் ஒரு வரி எழுதும் அளவுக்குத் தெரியும். கண்டுபிடிப்பிலிருந்து பின்னோக்கிப் போய் வியூவைக் கற்பனை செய்யக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. அதேபோல "இந்த கிளினிக்ல எப்பவும் மூணு எடுப்பாங்க" என்பதும் ஒரு வியாதி. எப்போதும் எடுப்பார்கள் என்பது இன்றைக்கு எடுத்தார்கள் என்பதற்கு ஆதாரமில்லை.

இப்போது நேரான ரிப்போர்ட்டுகளை மென்பொருளே படித்துக் கோட் போட்டுவிடுகிற இடங்கள் பெருகிவிட்டன. தலைப்பும் உடலும் ஒத்துப்போனால் மனிதக் கை படாமலே க்ளைம் போய்விடும். எங்களிடம் வந்து சேருவது மிச்சம் மீதி: வலது என்று தலைப்பு, இடது என்று உடல், இரண்டு நாளில் இரண்டு ரிப்போர்ட், ஆனால் இரண்டிலும் ஒரே தேதி. வேலை குறைந்ததா என்றால் இல்லை, கஷ்டமானது மட்டும் தங்கிவிட்டது. வலது இடது முரண்பட்டிருக்கும் ரிப்போர்ட்டில் ஊகமே கூடாது. நிறுத்தி வைத்து, கேள்வி அனுப்பி, டாக்டர் திருத்தக் குறிப்பு எழுதும் வரை காத்திருப்பது ஒன்றே வழி.

இரண்டு முழங்காலுக்கும் ஒரே எண்ணிக்கையில் வியூ எடுத்திருந்தால், உதாரணமாக 73562-க்கு 50 போட்டு ஒரே வரியாக அனுப்பலாம், அல்லது ஆர்டி ஒரு வரி எல்டி ஒரு வரி என்று பிரிக்கலாம். எது என்பது இன்ஷூரன்ஸ் கம்பெனியைப் பொறுத்தது. அறுவை சிகிச்சையில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒன்றரை மடங்குதான் தருகிற மெடிகேர், எக்ஸ்ரேக்கு இரண்டு பக்கத்துக்கும் முழுப் பணம் தருகிறது. அதனால் ஒரு பக்கத்தை விட்டுவிட்டால் மருத்துவமனைக்குப் பாதி நஷ்டம்.

நோய்க் குறியீட்டுக்கு வருவோம். வலது முழங்கால் வலி எம்25.561, இடது எம்25.562. இரண்டிலும் வலி என்றால்? இரண்டுக்கும் சேர்த்து ஒரு எண் தேடிப் பார்க்காதீர்கள், கிடையாது. இரண்டையும் போட வேண்டும். தேய்மானத்துக்கு எம்17.0 என்று இரட்டை முழங்காலுக்கே தனி எண் வைத்திருக்கிறார்கள். ஏன் வலிக்கு வைக்கவில்லை என்று என்னிடம் கேட்காதீர்கள். கடைசி இலக்கம் 9 உள்ள எம்25.569 என்பது எந்தப் பக்கம் என்றே தெரியாதபோது போடுவது. படத்தில் பக்கம் தெரிந்து ஆர்டி போட்டுவிட்டு, நோய்க்கு 9 போடுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஒரே வரியில் தெரிந்தும் தெரியாமலும் இருக்க முடியுமா?

இன்னொன்று, "முறிவு இருக்கலாம்", "முறிவு இல்லை என உறுதிசெய்க" என்று ஆர்டரில் இருக்கும். வெளிநோயாளிக்கு சந்தேகத்தைக் கோட் செய்யக் கூடாது. ஐசிடி வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது. விழுந்து வலியோடு வந்தார், படத்தில் ஒன்றுமில்லை என்றால் வலிதான் காரணம். படத்தில் தேய்மானம் என்று ரேடியாலஜிஸ்ட் உறுதியாக முடிவு எழுதிவிட்டால் வலியை விட்டு அதைப் போட வேண்டும். மூட்டு மாற்றியவர் வழக்கமான பரிசோதனைக்கு வந்தால் வலது செயற்கை மூட்டு இசட்96.651, இடது 652, இரண்டும் 653. இதையெல்லாம் சரியாகப் போட்டுவிட்டு சிஎம்எஸ்-1500 படிவத்தின் 24-ஈ கட்டத்தில் வலது முழங்கால் எக்ஸ்ரேவை இடது வலிக்குச் சுட்டிவிட்டால் டினையல்தான், க்ளைம் திரும்பிவிடும். அப்புறம் ராத்திரி ஷிஃப்டில், வராத பணத்தைக் கேட்டுப் பேசும் ஏஆர் காலர் ஒருவர் அமெரிக்காவுக்கு ஃபோன் போட்டுக் காத்திருப்பு இசை கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒரே எக்ஸ்ரேக்கு இரண்டு பேர் பில் போடுவதும் உண்டு. இயந்திரமும் டெக்னீஷியனும் மருத்துவமனையுடையது. படத்தைப் படித்து எழுதியவர் ரேடியாலஜிஸ்ட். அவர் 73562-க்கு, படித்ததற்கு மட்டும் என்று காட்டும் 26 மாடிஃபையர் போட்டு அனுப்புவார். மருத்துவமனை தன் யூபி-04 பில்லில் அதே எண்ணை வெறுமனே போடும். எலும்பு டாக்டர் தன் கிளினிக்கிலேயே எடுத்துத் தானே படித்தால் மாடிஃபையர் இல்லாமல் முழுதாக அவருக்கு. ஆனால் தனியாகக் கையெழுத்திட்ட ஒரு ரிப்போர்ட் வேண்டும். "எக்ஸ்ரே பார்த்தேன், பரவாயில்லை" என்று நோட்டில் அரை வரி கிறுக்கியதெல்லாம் அதில் சேராது.

இயந்திரம் பழசாக இருந்தாலும் கோடருக்கு வேலை. ஃபிலிமில் எடுத்திருந்தால் எஃப்எக்ஸ் மாடிஃபையர். 2017 முதல் மெடிகேர் தொழில்நுட்பப் பங்கில் 20 சதவீதம் பிடிக்கிறது. கேசட்டைப் போட்டு ஸ்கேன் செய்கிற சிஆர் முறை என்றால் எஃப்ஒய். 2018-இல் 7 சதவீதத்தில் ஆரம்பித்து 2023 முதல் 10 சதவீதம். டிஜிட்டலுக்கு மாறு என்று அரசு காசைக் காட்டி மிரட்டுகிறது, அவ்வளவுதான். எந்த இயந்திரம் என்பது ரிப்போர்ட்டில் இருக்காது. கிளையண்டிடம் கேட்டுப் பட்டியல் வாங்கி வைத்திருக்க வேண்டும்.

இதெல்லாம் எவ்வளவு காசு என்று கேட்டால் சிரிப்பீர்கள். மெடிகேர் கட்டணத்தில் 73560-க்கும் 73562-க்கும் இடையே சில டாலர் வித்தியாசம்தான். அந்தச் சில டாலருக்கா இத்தனை பாடு? முழங்கால் எக்ஸ்ரே அங்கே அன்றாடம் எடுக்கிற ஒன்று. ஒரே தப்பு பழக்கமாகி ஆயிரம் க்ளைமில் போனால், தெரிந்தே கூடுதலாகக் கேட்டார்கள் என்று அரசு எடுத்துக்கொள்ளலாம். அதற்கான சட்டம், பொய்க் கோரிக்கைச் சட்டம், 1863-இல் லிங்கன் காலத்தில் உள்நாட்டுப் போரின்போது ராணுவத்தை ஏமாற்றிய சப்ளையர்களைப் பிடிக்கக் கொண்டுவந்தது. இன்றைக்கு அதில் அதிகம் மாட்டுகிறவர்கள் மருத்துவத் துறையினர். குறைத்துப் போட்டால் பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். செய்த வேலைக்கான பணம் மருத்துவமனைக்கு வராது, தரச் சோதனையான க்யூஏவில் அதுவும் எரர்தான்.

அமெரிக்காவில் இருந்து இந்தப் பதிவைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டிடக்டிபிள் முடியும் வரை அந்தப் பணம் உங்கள் பையிலிருந்துதான் போகிறது. மருத்துவமனையிலிருந்து ஒரு பில், ரேடியாலஜிஸ்டிடமிருந்து ஒரு பில் என்று இரண்டு வந்தால் பதற வேண்டாம். மேலே சொன்ன காரணத்தால் இரண்டும் சரியாகவே இருக்கலாம். ஆனால் வரி வரியாகப் பிரித்த பில்லைக் கேட்டு வாங்குங்கள். நோயாளி போர்ட்டலில் உங்கள் ரிப்போர்ட் இருக்கும். அதில் டெக்னிக் என்ற இடத்தில் எத்தனை வியூ என்று எண்ணுங்கள். நீங்கள் ஒரு காலை மட்டும் காட்டப் போயிருந்தால் பில்லில் ஆர்டி, எல்டி இரண்டும் இருக்கிறதா என்றும் பாருங்கள். ரிப்போர்ட்டில் இரண்டு வியூ இருந்து பில்லில் 73564 இருந்தால், பில்லிங் ஆபீசுக்கு ஃபோன் செய்து "கோடிங் ரிவ்யூ வேண்டும்" என்று அந்த வார்த்தையையே சொல்லிக் கேளுங்கள், ரெஃபரன்ஸ் நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். சும்மா "பில் அதிகமா இருக்கு" என்றால் தவணை முறையில் கட்டச் சொல்வார்கள். கோடிங் ரிவ்யூ என்றால் அந்த சார்ட் திரும்ப ஒரு கோடரின் திரைக்கு வந்தாக வேண்டும்.